டாக்சி வாடகையும் நாம் கொடுக்கும் கமிஷனும்

நம் வணிகர்கள் குடும்பத்தோடு வெளியூர்ப் பயணம் போவது இப்போது அதிகமாகியிருக்கிறது. முன்பெல்லாம் பழனி, திருச்செந்தூர், மிஞ்சிப் போனால் சபரிமலை என்று இருந்தவர்கள் இன்று கொழும்பு, அந்தமான், சிங்கப்பூர் என்று கடல் தாண்டிப் போய்வருகிறார்கள். 2012ஆம் ஆண்டு மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானம் விடத் தொடங்கிய பிறகு, இலங்கை நமக்குப் பக்கத்து ஊர் மாதிரி ஆகிவிட்டது. வருடம் முழுவதும் கல்லாப்பெட்டி முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் நாலு நாள் காற்று வாங்கப் போவது நல்லதுதான். ஆனால் போய்வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். கோவிலைப் பற்றியோ கடலைப் பற்றியோ சொல்வதற்கு முன்னால், "விமானத்தை விட்டு இறங்கினதுமே டாக்சிக்காரன் தீட்டிவிட்டான்" என்றுதான் பேச்சை ஆரம்பிக்கிறார்கள்.

விமான டிக்கெட்டில் ஐந்நூறு ரூபாய் குறைய வேண்டும் என்பதற்காக நாம் மூன்று மாதம் முன்பே நாலு ஏஜெண்டைக் கேட்கிறோம். தங்கும் அறைக்கு மகனையோ மருமகளையோ கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து விலை பார்க்கிறோம். இறங்கிய இடத்திலிருந்து அறைக்குப் போகிற வண்டியை மட்டும் "அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுகிறோம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சொல்வது இதைத்தான். சரக்கு விலை பேசும்போதே லாரி வாடகை யாருடையது, ஏற்றுக்கூலி இறக்குக்கூலி யாருடையது, சாக்கு யாருடையது என்று பேசி முடிக்காமல் நம்மில் யாராவது சிட்டை எழுதுவோமா? கடையில் இருக்கிற இந்த வழக்கம் பயணத்தில் ஏன் மறந்துபோகிறது என்று எனக்கு விளங்கவில்லை.

இதில் டாக்சிக்காரர் மீது மட்டும் பழியைப் போட எனக்கு மனம் வரவில்லை. நம் பங்கும் அதில் இருக்கிறது. பயணியாக மட்டுமல்ல, கடைக்காரராகவும் இருக்கிறது. அதை இந்த இதழில் எழுதாமல் வேறு எங்கே எழுதுவது?

முதலில் தீவு என்பதன் தன்மையைப் பார்க்க வேண்டும். நாலு பக்கமும் கடல். வெளியூர்க்காரன் உள்ளே வருவதற்குப் பெரும்பாலும் ஒரே வாசல். மதுரை மாட்டுத்தாவணியில் இறங்கியவனுக்கு டவுன் பஸ், ஷேர் ஆட்டோ, ஆட்டோ என்று பல வழி உண்டு. ஒருவர் கூடக் கேட்டால் நாலடி நடந்து அடுத்தவரைக் கேட்கலாம். தீவின் விமான நிலையத்தில் அப்படி இல்லை. வாசலில் நிற்கிற வண்டிக்காரர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு இருக்கும். வெளி வண்டி உள்ளே வர முடியாது. வாங்குகிற வியாபாரி ஒருவரே இருக்கிற வாரச்சந்தையில் விவசாயி என்ன பாடுபடுவாரோ, அந்தப் பாடுதான் பெட்டியும் பிள்ளைகளுமாக வெளியே வருகிறவர் படுவது. தாய்லாந்தின் புக்கெட் தீவில் இந்த டாக்சிக் கூட்டங்களின் பிடி அளவு கடந்து போய், 2014இல் ராணுவ ஆட்சி வந்தபோது படையும் போலீசும் இறங்கி நடவடிக்கை எடுக்க வேண்டியதாயிற்று. அந்த அளவுக்குப் போனால் பயணிக்கும் கேடு, ஊருக்கும் கேடு.

நமக்குப் பக்கத்தில் இருக்கிற இலங்கையையே எடுத்துக்கொள்வோம். விமான நிலையம் கொழும்பு நகருக்குள் இல்லை; வடக்கே கட்டுநாயக்கவில் இருக்கிறது. கொழும்பு கோட்டைக்கு 30 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். நம் டி. கல்லுப்பட்டியிலிருந்து மதுரை விமான நிலையத்துக்குப் போகிற தூரத்தைவிடக் கொஞ்சம் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். 2013 அக்டோபரில் திறந்த அதிவேகப் பாதை ஒன்று இருக்கிறது. அதில் போனால் அரை மணி நேரத்தில் நகர எல்லையைத் தொடலாம், சுங்கம் உண்டு. நீர்கொழும்புச் சாலை என்கிற பழைய வழியில் சுங்கம் கிடையாது; கடைத்தெருக்களையும் சிக்னல்களையும் தாண்டி நகருக்குள் போவதற்குள் பிள்ளைகள் அழ ஆரம்பித்துவிடும். 187 என்ற எண்ணுள்ள பஸ்ஸும் இருக்கிறது. இளைஞர்கள் தோளில் பையைப் போட்டுக்கொண்டு அதில் போகலாம். வயதான தாயாரையும் ஐந்து பெட்டிகளையும் வைத்துக்கொண்டு இருப்பவர்களுக்கு அது சரிப்படாது.

வெளியே வந்தால் மூன்று வகையாக வண்டி கிடைக்கும். கட்டடத்துக்குள்ளேயே உள்ள டாக்சி கவுண்டரில் ஊர் பெயரைச் சொன்னால் பணத்தைக் கட்டச் சொல்லி ரசீது கொடுப்பார்கள். செல்போன் செயலியில் பிடிக்கலாம். இலங்கையர்களே நடத்துகிற பிக்மீ என்ற நிறுவனமும் உண்டு, ஊபரும் உண்டு. மூன்றாவது, "டாக்சி, டாக்சி" என்று நம் பெட்டியில் கை வைக்கிறவர்கள். இந்த மூன்றாவது வகையைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சந்தையில் சரக்கு வண்டி நிற்பதற்கு முன்னாலேயே ஏறிச் சாக்கைக் குத்திப் பார்க்கிற தரகர்களை நமக்குப் பழக்கம் உண்டு.

வாடகை எவ்வளவு என்று சொல்வதற்கு முன்னால், எது நியாயம் என்று பார்க்க வேண்டும். இதில்தான் நம்மவர்கள் சறுக்குகிறார்கள். "32 கிலோமீட்டருக்கு இவ்வளவா?" என்று கேட்கிறோம். தூத்துக்குடிக்கு வத்தல் ஏற்றிப் போகிற லாரிக்கு, திரும்பும்போது உப்போ உரமோ இறக்குமதிப் பருப்போ கிடைத்தால் வாடகை ஒரு மாதிரி. ரிட்டர்ன் லோடு இல்லாமல் காலியாகத் திரும்ப வேண்டும் என்றால் வாடகை வேறு மாதிரி. இது நம் கடைப் பையன்களுக்குக்கூடத் தெரியும். விமான நிலையத்திலிருந்து கொண்டுபோய் விடுகிற டாக்சியும் அதே கணக்குத்தான். நம்மை இறக்கிவிட்டு அவர் பெரும்பாலும் காலியாகத் திரும்புகிறார். செயலி வண்டி நகரத்துக்குள்ளேயே அடுத்த ஆளைப் பிடித்துக்கொள்ளும். அதனால் அதில் குறைவாக இருக்கும். ஓர் உதாரணத்துக்காகக் கிலோமீட்டருக்கு 100 இலங்கை ரூபாய் என்று போட்டுக்கொண்டால், 3,200 ரூபாய் என்று நாம் கணக்குப் போடுகிறோம். அவர் போக வர 6,400 ரூபாய், அதோடு பாதைச் சுங்கம், வண்டி நிறுத்தக் கட்டணம் என்று கணக்குப் போடுகிறார். அவர் கணக்கில் தப்பு இல்லை. நம் ஊர் டிராவல்ஸ்காரரிடம் மதுரை விமான நிலையத்துக்கு 'டிராப்' கேட்டால் அவரும் போக வரக் கிலோமீட்டர் போட்டுத்தானே வாங்குகிறார்? நாமும் முணுமுணுக்காமல் கொடுக்கிறோமே! சுங்கம் யார் கட்டுவது என்பதைக் கப்பலூர் சுங்கச்சாவடியைத் தாண்டித் தாண்டி அலுத்துப்போன நமக்குச் சொல்லித்தர வேண்டியதும் இல்லை.

இன்னொன்று. நம் ஊர்க் கிலோமீட்டர் விலையை அங்கே கொண்டுபோய் ஒப்பிடவும் கூடாது. இலங்கையில் வெளிநாட்டு வண்டி இறக்குமதியை 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு 2025 பிப்ரவரியில்தான் மறுபடி அனுமதித்தார்கள். ஏறக்குறைய ஐந்து வருடம் புது வண்டி வராத நாட்டில் பழைய வண்டியே தங்கத்தின் விலை விற்றது. 2022 தொடக்கத்தில் லிட்டர் 177 ரூபாயாக இருந்த பெட்ரோல் அந்த ஜூன் மாதத்தில் 470 ரூபாய்க்குப் போயிற்று. அந்த விலைக்கும் கிடைக்காமல், வரிசையில் இரவு பகலாக வண்டியை நிறுத்திவிட்டு ஓட்டுநர்கள் தெருவில் படுத்துக் கிடந்தார்கள். பிறகு கியூஆர் அட்டை கொடுத்து, ஆட்டோவுக்கு வாரம் 5 லிட்டர் என்று அளந்து ஊற்றினார்கள். அதற்கு முன்னால் 2019 ஏப்ரலில் ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்பு. அதன் பின்னால் கொரோனா. சுற்றுலாவை நம்பித் தவணையில் வண்டி வாங்கிய மனிதன் இந்த மூன்று அடியையும் வாங்கிக்கொண்டு எழுந்து நிற்கிறான். அவன் கொஞ்சம் கூடக் கேட்டால் எனக்குக் கோபம் வருவதில்லை. கேட்கிறபடி எல்லாம் கொடுக்க வேண்டும் என்றும் நான் சொல்ல வரவில்லை.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கேயும் ரூபாய், இங்கேயும் ரூபாய். நம் 1 ரூபாய்க்கு அவர்கள் பணம் 3 ரூபாய்க்கு மேல் கிடைக்கிறது. "பத்தாயிரம்" என்று ஒருவர் சொன்னதும் நம்மவர் முகம் வெளுத்துவிடுகிறது. அது நம் பணத்தில் ஏறக்குறைய மூவாயிரம்தான் என்று மனதில் ஏறுவதற்குள் பேரம் சண்டையாகிவிடுகிறது. இதை மறுபக்கமாகப் பயன்படுத்துகிறவர்களும் உண்டு. ஏறும்போது தொகையை மட்டும் சொல்லிவிட்டு, இறங்கும்போது "நான் சொன்னது இந்திய ரூபாய்" என்பார்கள். டாலரில் சொல்கிறவர்கள் வேறு. ஆகவே தொகை பேசும்போதே எந்த நாட்டுப் பணம் என்று வாயைத் திறந்து கேட்டு, அதைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். எங்கள் காலத்தில் பள்ளிக்கூட வாத்தியார் கணக்கில் அலகு போடாவிட்டால் முழு மதிப்பெண்ணையும் வெட்டிவிடுவார். அவர் பிரம்பின் அருமை இப்போதுதான் தெரிகிறது.

சில வருடங்களுக்கு முன் எங்கள் கடைவீதிக்காரர்கள் குடும்பங்களோடு பதினொரு பேர் போனோம். வண்டிக்கு ஓட்டலிலும் கேட்கவில்லை, டிராவல்ஸிலும் கேட்கவில்லை. கொழும்பு புறக்கோட்டையில் நாலாம் குறுக்குத் தெரு, ஐந்தாம் குறுக்குத் தெரு, பழைய சோனகத் தெரு என்று முழுக்க நம்மைப் போன்ற மொத்த வியாபாரிகள்தான். வத்தல், வெங்காயம், பருப்பு என்று இந்தியச் சரக்கில் பழகியவர்கள். நம் மாவட்டத்தில் ஏற்றுமதித் தொடர்பு உள்ள யாரைக் கேட்டாலும் அங்கே ஒருவருடைய நம்பர் கிடைக்கும். அப்படிக் கிடைத்த ஒரு பருப்பு வியாபாரியிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ஐயா, உங்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் கட்டுநாயக்கவிலிருந்து கண்டிக்கு வேனுக்கு என்ன கொடுப்பீர்கள்?" அவர் ஒரு தொகை சொன்னார். இரண்டு நாள் கழித்து அவருக்குத் தெரிந்த ஓட்டுநர் ஒருவரே வாட்ஸ்அப்பில் பேசினார். ஹட்டன் பக்கத்து மலையகத் தமிழர். பருப்பு வியாபாரி சொன்ன தொகையைவிட ஆயிரம் ரூபாய் அதிகமாகச் சொன்னார். காரணத்தையும் சொன்னார். "ஐயா, பதினொரு பேர் பெட்டியோட சின்ன வேன்ல ஏற முடியாது. கேடிஎச் பெரிய வேன்தான் வேணும். உங்க விமானம் லேட்டானா ரெண்டு மணி நேரம் வரைக்கும் நான் காசு கேட்கமாட்டேன், அதுக்கு மேல கேட்பேன்."

எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. கூடக் கேட்டாலும் எதற்குக் கூட என்று சொல்லத் தெரிந்தவரோடு வியாபாரம் செய்யலாம். வண்டி எது, குளிர்சாதனம் உண்டா, சுங்கமும் நிறுத்தக் கட்டணமும் உள்ளே அடக்கமா, ஓட்டுநரின் சாப்பாடும் படுக்கையும் யாருடையது, எந்தப் பணம், எப்போது கொடுப்பது எல்லாவற்றையும் ஒரே செய்தியில் எழுதி "சரிதானே?" என்று கேட்டேன். அவர் "சரி" என்று எழுதினார். எங்கள் விமான எண்ணையும் அனுப்பிவைத்தேன். முன்பணம் கேட்டார், பாதியைக் கேட்டவருக்குச் சிறு தொகை ஒன்றைப் பருப்பு வியாபாரி மூலமாகக் கொடுக்கச் செய்தேன். முகம் தெரியாத ஆளுக்கு முழுப் பணத்தையும் முன்னால் அனுப்புவது வியாபாரம் அல்ல, தர்மம். நாங்கள் வெளியே வந்தபோது பெயர் எழுதிய அட்டையோடு நின்றார். கண்டிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல், மலைப் பாதை, மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. வழியில் டீ குடிக்க எங்கே நிறுத்த வேண்டும் என்று எங்களைக் கேட்டுத்தான் நிறுத்தினார்.

இதே காலத்தில் என் சகலை வேறு ஒரு குழுவோடு போனார். கெட்டிக்காரர். விமான நிலைய வாசலில் நின்று பேரம் பேசி, கவுண்டரில் சொன்னதில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கண்டி வண்டி பிடித்துவிட்டார். அதை எங்களிடம் பெருமையாகப் போன் போட்டும் சொன்னார். கண்டிக்குப் போகிற வழியில் மாவனெல்லைப் பக்கம் வாசனைத் திரவியத் தோட்டங்கள் வரிசையாக உண்டு. ஓட்டுநர் அங்கே ஒன்றில் நிறுத்தி, "அரை மணி நேரம் சும்மா பாருங்க, நுழைவுக் கட்டணம் கிடையாது" என்றாராம். கிராம்புச் செடி, பட்டை மரம், ஜாதிக்காய் எல்லாம் காட்டி, முதுகுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு, கடைசியில் கடைக்குள் கொண்டுபோய் விட்டார்கள். மறுநாள் ரத்தினக்கல் கடை. அதற்கடுத்த நாள் பத்திக் துணிக்கடை. சகலை வாங்கிவந்த கிராம்பை நான் எங்கள் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். அவர் கொடுத்த பணத்துக்கு நம் மண்டி விலையில் அதைப் போல ஆறு பங்குக்கு மேல் கிடைத்திருக்கும். வண்டி வாடகையில் மிச்சம் பிடித்தது முழுவதும் ஒரு கிராம்புச் சீசாவிலேயே போய்விட்டது. ரத்தினக்கல்லைப் பற்றி அவர் இன்றுவரை வாய் திறக்கவில்லை. சகலி காதில் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அந்த ஓட்டுநர் திருடரா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். கட்டுப்படியாகாத வாடகைக்கு ஏன் ஒப்புக்கொண்டார் என்று சகலை யோசித்திருக்க வேண்டும். அவருக்கு அந்தத் தோட்டக்காரர் கொடுக்கிற கமிஷன்தான் கூலி. வாடகை வெறும் தூண்டில் புழு. நம்மிடம் ஒருவர் கொள்முதல் விலைக்கும் கீழே சரக்குக் கொடுக்கிறேன் என்றால் நாம் சந்தோஷப்படுவோமா, சந்தேகப்படுவோமா?

இங்கேதான் நான் நம் பக்கம் திரும்புகிறேன். தோட்டக்காரரும் ரத்தினக் கடைக்காரரும் யார்? நம்மைப் போன்ற வணிகர்கள். அந்தக் கமிஷனைக் கொடுப்பது டாக்சிக்காரர் அல்ல, கடைக்காரர். இது இலங்கைக்கு மட்டும் உள்ள நோய் அல்ல. மதுரையில் கோவிலைச் சுற்றியுள்ள வீதிகளிலும், கொடைக்கானலிலும், ராமேஸ்வரத்திலும், வெளியூர்க்காரர்களை அழைத்துவருகிற ஆட்டோ, வேன் ஓட்டுநருக்கு விற்பனையில் ஒரு பங்கு எடுத்துவைக்கிற கடைகள் உண்டு என்பது நமக்குத் தெரியாததா? கணக்கில் அது 'இதர செலவு' என்று போகும். அந்தச் செலவைக் கடைக்காரர் தன் லாபத்திலிருந்து கொடுப்பதில்லை. சேலை விலையில் ஏற்றி, காசிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடக்கிற ஒரு வடநாட்டுக் கிழவியிடம் வாங்கிக் கொடுக்கிறார். பிறகு அதே கடைக்காரர் கொழும்பில் இறங்கி, "டாக்சிக்காரன் நாணயம் இல்லாதவன்" என்கிறார்.

நம் ஊர்க் காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தம் கடைசி ஆண்டுகளைக் கழித்த ஜே.சி. குமரப்பா அவர்கள் கணக்காளராகப் படித்துத் தேர்ந்தவர். ஒரு பொருளை வாங்குகிறவனுக்கு, அது எப்படி உண்டாயிற்று, அதைச் செய்தவனுக்கு என்ன கிடைத்தது என்பதிலும் பொறுப்பு உண்டு என்று வற்புறுத்தியவர். கதரையும் கைத்தொழிலையும் பற்றி அவர் சொன்னது டாக்சி வாடகைக்கும் பொருந்தும் என்பது என் கருத்து. குறைந்த வாடகை என்பது வேறு, நியாயமான வாடகை என்பது வேறு. வண்டிக்காரன் கமிஷனைத் தேடிப் போகத் தேவையில்லாதபடி கட்டுப்படியாகிற தொகைதான் நமக்கும் கடைசியில் குறைவாக முடிகிறது.

விலையைக் கட்டுப்படுத்தினால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். பாதி உண்மை. சென்னையில் 2013ஆம் ஆண்டு ஆட்டோவுக்கு முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்று அரசு நிர்ணயித்தது. அது அன்றைக்குச் சரி. அதற்குப் பிறகு பத்து வருடத்துக்கும் மேலாக எரிபொருள் விலை எங்கேயோ போய்விட்டது, அரசு நிர்ணயித்த கட்டணம் அங்கேயே நின்றது. மீட்டர் போடுகிறவர் குறைந்துபோனார். 2025 பிப்ரவரியில் ஆட்டோச் சங்கங்கள் தாமாகவே 50 ரூபாய், 18 ரூபாய் என்று புதுக் கட்டணம் அறிவித்தன. கட்டுப்படியாகாத விலையைப் பலகையில் எழுதினால் பலகைதான் மிஞ்சும், விலை மிஞ்சாது. ரேஷன் காலத்து அரிசி வியாபாரம் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

சிங்கப்பூரும் ஒரு தீவுதான். அங்கே மீட்டர் உண்டு. விமான நிலையத்தில் ஏறினால் அதற்கென்று ஒரு கூடுதல் கட்டணம். நள்ளிரவு தாண்டிக் காலை 6 மணி வரை மீட்டரில் பாதி கூடுதல். யாரும் சண்டை போடுவதில்லை, ஏனென்றால் எல்லாம் முன்கூட்டியே எழுதி ஒட்டியிருக்கிறது. கூடுதல் வாங்குவதை நாம் குற்றமாக நினைக்கிறோம். சொல்லாமல் வாங்குவதுதான் குற்றம். பாக்கெட் சரக்கில் 'எல்லா வரிகளும் உட்பட' என்று அச்சிட வேண்டும் என்று விதி வந்தபோது நம்மில் எத்தனை பேர் முணுமுணுத்தோம்! உள்ளூர் வரி தனி என்று கவுண்டரில் தினமும் நடந்த தகராறு அதோடு ஓய்ந்ததை இப்போது மறந்துவிட்டோம். டாக்சிக்கும் அந்த இரண்டு சொல் வேண்டும்: எல்லாம் உட்பட. அந்தமானுக்குப் போகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். அங்கே விமான நிலையம் ஊருக்குள் சில கிலோமீட்டரில் இருப்பதால் தொகை பெரிதல்ல. தமிழ் பேசுகிற ஓட்டுநரும் கிடைப்பார். ஹேவ்லாக் போன்ற மற்றத் தீவுகளுக்குக் கப்பல் ஏற வேண்டும் என்பதால், துறைமுகத்தில் கொண்டுபோய் விடுவதும் திரும்ப அழைப்பதும் அதே பேச்சில் அடக்கமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நமக்கென்று ஒரு தீவு இருக்கிறது என்பதை இவ்வளவு நேரம் சொல்லாமல் வந்தேன். ராமேஸ்வரம். வடநாட்டிலிருந்து விமானத்தில் வருகிறவர்கள் மதுரையில்தான் பெரும்பாலும் இறங்குகிறார்கள். அங்கிருந்து ஏறக்குறைய 170 கிலோமீட்டர், பாம்பன் பாலம் தாண்ட வேண்டும். 2022 டிசம்பரில் பழைய ரயில் பாலத்தில் போக்குவரத்து நின்று, 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும் வரை, ரயிலில் வந்தவர்கள்கூட மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ இறங்கி, சாலை வழியாகத்தான் தீவுக்குள் போனார்கள். அந்த இரண்டு வருடத்துக்கும் மேலான காலத்தில் வெளியூர்க்காரர்கள் முழுக்க நம் பக்கத்து வண்டிகளை நம்பி இருந்தார்கள். எனக்குப் பல வருடமாகச் சரக்கு வாங்குகிற குஜராத் வியாபாரி ஒருவர் தாய் தகப்பனாரை அழைத்துக்கொண்டு அப்போது வந்தார். வெளியே நின்ற மூன்று பேர் மூன்று விலை சொன்னார்கள் என்று விமான நிலையத்திலிருந்து எனக்குப் போன் செய்தார். மூன்றுக்கும் இடையில் இரண்டு மடங்கு வித்தியாசம். எது நியாயம் என்று அவர் கேட்டார். நான் புறக்கோட்டை வியாபாரியிடம் கேட்ட அதே கேள்வி. நான் நம் ஊர் வண்டி ஒன்றை அனுப்பிவைத்தேன். போன் செய்ய இங்கே ஆள் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்?

ஆகவே சங்கத்துக்கு என் வேண்டுகோள் இரண்டு. நம் பகுதி டிராவல்ஸ்காரர்களையும் ஓட்டுநர் சங்கத்தாரையும் அழைத்து உட்கார வைத்து, அவர்களுக்குக் கட்டுப்படியாகிற வாடகையை அவர்கள் வாயாலேயே சொல்லச் செய்து, ஒரு பட்டியல் அச்சடிக்க வேண்டும். மதுரை விமான நிலையத்திலிருந்து ராமேஸ்வரம், கொடைக்கானல், குற்றாலம் போக மட்டும் எவ்வளவு, தங்கித் திரும்பினால் எவ்வளவு, டோல், பேட்டா, பார்க்கிங் உள்ளேயா வெளியேயா என்பது தமிழிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். வருடம் ஒரு முறை, டீசல் விலை பார்த்து மாற்ற வேண்டும். இதற்கு ஆகிற அச்சுச் செலவு நம் ஆண்டு விழா மாலைச் செலவில் பாதிகூட வராது.

மற்றது கசப்பானது. ஓட்டுநருக்கு விற்பனையில் கமிஷன் கொடுப்பதில்லை என்று உறுப்பினர்கள் தீர்மானம் போட வேண்டும். "நான் நிறுத்தினால் பக்கத்துக் கடைக்காரர் கொடுப்பார், என் கடை ஈ ஓட்டும்" என்று சொல்வீர்கள். உண்மைதான்; தனியாக ஒருவர் நிறுத்த முடியாது. மே 5ஆம் தேதி வணிகர் தினத்துக்கு எல்லாக் கடையையும் ஒன்றாக அடைக்கத் தெரிந்த நமக்கு இதையும் ஒன்றாக நிறுத்தத் தெரிய வேண்டும். வெளியூர்க்காரர்களை அழைத்துவருகிற ஓட்டுநருக்குக் காப்பி வாங்கிக் கொடுங்கள், தண்ணீர் கொடுங்கள், நிழலில் உட்கார நாற்காலி போடுங்கள். சேலை விலையில் பங்கு வேண்டாம்.

அடுத்த செயற்குழுவில் இதைப் பொருளாகச் சேர்க்கும்படி செயலாளருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். நம் பகுதி டிராவல்ஸ்காரர்கள் நாலு பேரிடம் கேட்டு எழுதிய வாடகைப் பட்டியலையும் அதோடு இணைத்திருக்கிறேன். ராமேஸ்வரத்துக்கு நாலு பேரும் ஏறக்குறைய ஒரே தொகைதான் சொல்கிறார்கள். டிரைவர் பேட்டாவில் மட்டும் நூறு, இருநூறு ரூபாய் வித்தியாசம் இருக்கிறது; அதைக் கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம்.

— டி. கல்லுப்பட்டி மொத்த வியாபாரி ஒருவர்